கிட்டப் போகாதே

டிவியில் அழுகிற பெண்ணின் முகத்தை நோக்கி கேமரா மெதுவாக நகர்ந்தால் இப்போதும் எனக்குப் பயம். வெள்ளைக்காரன் காலத்தில், பூந்தமல்லி டெண்ட் கொட்டகையில் பிடித்த பயம் அது.

அப்பாவிடம் அடி வாங்கி ஓடிப்போன அண்ணனைப் பற்றி வெகுநாளாகத் தகவலே இல்லை. "உன் புள்ள சினிமாவுல கூட்டத்தோட நின்னுகினு கீறான்" என்று யாரோ சொன்னதும், அம்மா என்னை இழுத்துக்கொண்டு எங்கள் ஊரான வானகரத்திலிருந்து கொட்டகைக்கு நடந்தாள். மணல் தரை, பீடிப் புகை. திரையில் ராணி அழுதாள். அவளுக்குப் பின்னால், ஓரமாக, ஈட்டியோடு அண்ணன்.

"இளைச்சிட்டான்டி. கழுத்துல இன்னா கட்டு அது?"

நான் பார்ப்பதற்குள் கேமரா ராணியை நோக்கிப் போனது. அவள் முகம் பெரிதாகப் பெரிதாக அண்ணன் ஒதுங்கினான். பாதி உடம்பு, பிறகு ஈட்டி மட்டும், பிறகு அதுவும் இல்லை.

"கிட்ட போவாத நைனா, கொஞ்சம் நில்லு" என்று அம்மா எழுந்து, படம் பிடித்தவனைக் கெஞ்சினாள்.

"ஒக்காரும்மே, ராணி இன்னா உன் சம்பந்தியா?" என்று பின்னால் சிரித்தார்கள்.

அம்மா திரைக்கு ஓடி, அவன் மறைந்த ஓரத்துத் துணியை விலக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் இருட்டும் ஒரு மூங்கிலும்தான்.

படப்பெட்டி வேறு ஊருக்குப் போகும்வரை தினமும் நடந்தோம். என் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அந்தக் கட்டு காயமா, வேஷமா என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணன் வரவேயில்லை.

"எங்க பாக்குறம்மா? மூஞ்சி நடுவுலல்ல கீது" என்று டிவியைக் காட்டுகிறாள் மகள்.

நான் ஓரத்தையேதான் பார்க்கிறேன்.