இராஜகுமாரி டீச்சர் வாங்கிய பாண்

கண்டி நகரசபைக் குமாஸ்தாவின் மகள் இராஜகுமாரி, கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அதட்டத் தெரியாது, சிரிப்பை அடக்கவும் தெரியாது. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள்.

பின்னக் கணக்குத்தான் ஒட்டவில்லை. கரும்பலகையில் 1/2, 1/4 என்று எழுதி எது பெரிது என்று கேட்டால், "நாலுதானே பெருசு!" என்று வகுப்பே கத்தும். கடைக்குப் போய்க் கால் றாத்தல் சீனி கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளைகள்தான்.

1937 நவம்பரில் ஒரு காலை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேக்கரியில் சூடாக ஒரு பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்து இரண்டாக வெட்டினாள், பிறகு நான்காக.

"பாருங்க, நாலு பேருக்குப் பங்கு வச்சா ஒவ்வொரு பங்கும் சின்னதாயிருச்சு. இதுதான் கால்."

"அப்ப அரைதான் பெருசு!" என்று வகுப்பு கூவியது. பூரித்துப்போய் ஒரு துண்டை முன்வரிசை ஹாஷிமிடம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்கு நோன்பு, டீச்சர்."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரமழான் மாதம், வகுப்பில் பாதி முஸ்லிம் பிள்ளைகள். அந்த நினைவே இல்லாமல் மணக்க மணக்கப் பாணைக் கொண்டுவந்துவிட்டாளே!

"அப்ப எங்களுக்கும் வேணாங்க, டீச்சர்," என்றான் செல்லச்சாமி. அவன் பக்கத்திலிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அவள் துண்டுகளைத் தாளில் மூடப்போனாள். அதற்குள் பாயிஸா எழுந்தாள். "நான் சின்னப் பிள்ளை, பகல் சாப்பாடு வரைக்கும்தான் எனக்கு நோன்பு. நேத்து அரை நோன்பு, இன்டைக்கு அரை நோன்பு. ரெண்டும் சேந்தா ஒரு நோன்புதானே, டீச்சர்?"

"அப்படிச் சேக்க ஏலாது!" என்று ஹாஷிம் பாய்ந்தான்.

இராஜகுமாரிக்குச் சிரிப்பு பீறிட்டது. "நோன்புக் கணக்கை உம்மாகிட்ட கேளுங்க. பாண் கணக்குல பாயிஸா சொன்னது சரி. வாங்க, சேத்துப் பாப்போம்."

பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்தார்கள். காலும் காலும் அரை. அரையும் அரையும் ஒன்று. பிரித்தும் சேர்த்தும் பாணை ஒரு வழியாக்கினார்கள். பள்ளி விட்டதும் அதைச் சிறுசிறு துண்டாக்கி எல்லோருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு அந்த வகுப்பில் பின்னம் யாரையும் பயமுறுத்தவில்லை.

நோன்புப் பெருநாளன்று பாயிஸாவும் அவள் உம்மா ரபீகாவும் கண்டிக்கே டீச்சர் வீட்டைத் தேடி வந்தார்கள். டீச்சருக்குக் கொண்டுவந்த இனிப்புக் கிண்ணத்தைத் திறந்த ரபீகா திகைத்துப்போய் மகளைப் பார்த்தாள். வட்டிலாப்பத்தில் ஒரு பக்கம் காலி.

"முக்கால் இருக்கு, டீச்சர்," என்றாள் பாயிஸா, வாயைத் துடைத்துக்கொண்டே.