செபிக்காத ஒரு மாதம்

நான் ரத்தம் எடுக்கிறவள். மோகனூர் மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருக்கும் சின்ன லேபில் இருபது வருடமாக இதுதான் என் வேலை. காலை ஏழரைக்குத் திறந்தால் பத்து மணி வரை வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் முகத்திலும் பசி, அதோடு பயம். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கையை இறுக்கிக்கொண்டு, "வலிக்குங்களா?" என்று மூன்றாவது தடவை கேட்டால் எனக்குச் சுர்ரென்று வரும். அதை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் இந்த வேலையில் நான் பட்ட பெரிய பாடு.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் தெருவில் நாங்கள் ஒரு வீடுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பூசைக்குப் போய் வருவோம். ஒருமுறை பங்குச்சாமியார் பிரசங்கத்தில், வேலை பார்க்கும் இடத்திலும் நாம் ஆண்டவருடைய சீடர்கள்தான் என்றார். மைக் பிடித்துப் பேச வேண்டியதில்லை, நாலு பேருக்கு நம்மால் ஆறுதல் இருந்தால் போதும் என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. மைக் பிடிக்க எனக்குக் கூச்சம். நோட்டீஸ் கொடுக்கிறவள் என்று பெயர் எடுக்கவும் விருப்பமில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தும்போது, "ஒண்ணும் இருக்காதுங்க. நான் செபிச்சுக்கிறேன்" என்று சொல்வேன்.

சொன்னதும் முகங்கள் தளர்ந்தன. யாரும் கோபப்படவில்லை. "செய்யுங்க சாமி, உங்களுக்குப் புண்ணியம்" என்று கும்பிட்டவர்கள்கூட உண்டு. ஆரம்பத்தில் நிஜமாகவே செபித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அன்று வந்தவர்களை நினைத்துச் செபமாலை உருட்டுவேன். பிறகு எப்போது அது நின்றது என்று எனக்கே தெரியாது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. பஞ்சு வைப்பதும் அதைச் சொல்வதும் ஒரே வேலையாகிவிட்டன.

அந்த வருடம் சாம்பல் புதன் அன்று விடியற்காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேராக லேபுக்கு வந்தேன். வரிசையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஆற்றங்கரைப் பக்கத்துக் கிராமம், கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. அவர் லாரி டிரைவர். சர்க்கரை நோய் வந்து சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டதால் வண்டியை விட்டு இறங்கியவர். வடநாடு முழுக்க லாரி ஓட்டியவர், இப்போது பெண்டாட்டி ஓட்டும் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருகிறார். அந்த எரிச்சல் அவர் முகத்தில் எப்போதும் இருந்தது.

"ஏனுங்க்கா, உங்கள்லயும் துண்ணூறு பூசுவாங்களா?" என்று அவள் என் நெற்றியைப் பார்த்துக் கேட்டாள்.

தவக்காலம் ஆரம்பம், நாற்பது நாள் நோன்பு, வெள்ளிக்கிழமை கறி தின்ன மாட்டோம் என்று சுருக்கமாகச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் அவர் கையில் ரப்பர் நாடாவைக் கட்டினேன்.

"டாக்டருங்க சும்மா பயமுறுத்தறாங்க. மெசின் வாங்கிப் போட்டிருக்கறாங்கள்ல, ஆள் புடிக்கோணுமே" என்றார் அவர்.

"இந்த மனுசன் ஒருத்தர் சொன்னதையும் நம்ப மாட்டாருங்க" என்றாள் அவள். "கிரியாட்டினினாமா, அது எறங்கோணுங்க. ஏறிக்கிட்டே போச்சுன்னா மெசின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு."

நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். "ஒண்ணும் ஆகாதுங்க. நான் செபிச்சுக்கிறேன்."

"நெசமாலுங்களா?"

"நெசமாத்தான்." அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இவர்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். ரத்தம் எடுத்து, சோதிக்கும் மெஷினில் வைத்தேன். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் கிரியாட்டினின் எண் நன்றாக இறங்கியிருப்பது தெரிந்தது. காகிதத்தை அவளிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுமுங்க்கா. நீங்க கும்பிடறப்ப நான் சும்மா இருக்கலாமா? இந்த ஒரு மாசமா கறி மீன் தொடல. முட்டை கூடத் தொடல."

"நாங்க வெள்ளிக்கிழமை மட்டுந்தானுங்க" என்றேன்.

"அது உங்களுக்குங்க. காரியம் எனக்குத்தானே ஆவோணும்? நான் எல்லா நாளும் இருந்தேன்."

பையிலிருந்து ஒரு சீப்பு பூவன்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாதம் வெள்ளிக்கிழமை கறி தின்னாத சுத்தபோசனம் தவிர எனக்கு எந்த நோன்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்குழம்பு. அவளுக்காகவோ அவள் புருஷனுக்காகவோ ஒரு அருள் நிறைந்த மரியே கூடச் சொல்லவில்லை. அவர் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, விட்டுப்போன செபத்தையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று செபமாலையை எடுத்தேன். பத்து மணிகளை உருட்டுவதற்குள் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வெட்கமாக இருந்தது. வீட்டில் என் கணவர், "போய்ச் சொன்னா அந்தம்மா நம்பிக்கை கெட்டுப்போகும், பேசாம இரு" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பழத்தை என்னால் தின்ன முடியவில்லை. என் மகன் ஆறு பழம் தின்றான். அவன் தின்பதைப் பார்த்துக்கூட எரிச்சலாக வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், லேப் நோட்டில் எழுதியிருந்த விலாசத்தைக் கேட்டுக்கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்து, சத்தமாக போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"ரிப்போர்ட் சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன் முதலில். பிறகு நின்றபடியே சொல்லிவிட்டேன். "நான் செபிக்கலீங்க. செபிக்கறேன்னு சொன்னேன், மறந்துட்டேன். ஒரு நாள் கூட செபிக்கல. நீங்க எனக்கு நன்றி சொன்னீங்க, நான் வாங்கிக்கிட்டேன். அது தப்பு."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "பரவாயில்லைங்க" என்று சொல்வாள் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"நான் எங்க கருப்பனார்கிட்ட கூடக் கேக்கலீங்க" என்றாள். "எல்லாரும் பத்துக் கோயில்ல கேப்பாங்க. எனக்கு அது புடிக்காது. ஒருத்தர்கிட்ட உட்டா அவங்ககிட்டயே உட்டுப்போடோணும். உங்ககிட்ட உட்டாச்சுன்னு நான் கம்முனு இருந்துட்டேன்."

என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அப்ப இந்த ஒரு மாசமா இவருக்காவ ஒருத்தருமே கேக்கலீங்களா?"

வாழ்க்கையில் என்னை நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள், நானும் பதிலுக்குத் திட்டியிருக்கிறேன். இவள் திட்டவில்லை, கேட்டாள். "இல்லீங்க" என்றேன்.

"அப்ப இப்பக் கேளுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இங்கயே கேளுங்க. நானும் நிக்கறேன்."

நான் ஊரார் முன்னால் வாய்விட்டுச் செபித்ததே இல்லை. கோயிலில் கூட்டத்தோடு சேர்ந்து சொல்வேன், பங்கின் சில குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் யாராவது சொன்னால் ஆமென் போடுவேன். நோட்டில் பார்த்த பெயர் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, "அவரு பேரு என்னங்க?" என்று கேட்டேன். சொன்னாள். கட்டிலில் இருந்தவர் போன் சத்தத்தைக் குறைத்தார். நான் சிலுவை வரைந்து, பெயரைச் சொல்லி, இவருக்கு உடம்பு நல்லாகட்டும் ஆண்டவரே, இந்த அம்மாவுக்குப் பலம் கொடும், நான் சொன்ன பொய்யை மன்னியும் என்று கேட்டேன். வார்த்தைகள் தடுக்கின. பக்கத்தில் மாடு தலையை ஆட்டி மணியைக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. ஒரு பரலோக மந்திரத்தோடு முடித்தேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கேக்கறேன். லேப் தெறக்கறதுக்கு முன்னால."

கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் போனில் அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால். அதற்கடுத்த நாளும் வந்தது. என்னை நம்பவில்லை என்று எனக்குக் கோபம்தான். நம்பும்படி நான் என்ன செய்தேன் என்று யோசித்ததும் கோபம் அடங்கியது. ஒரு வாரம் கழித்துத் தானாகவே அழைப்பதை நிறுத்திவிட்டாள். லேபைத் திறந்து, விளக்கைப் போட்டு, மெஷின் சூடாகும்வரை நாற்காலியில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கேட்பேன். பிறகு முந்தின நாள் வந்தவர்களின் பெயர்களையும் நோட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன். எல்லாரிடமும் செபிக்கிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டேன். கேட்டால் மட்டும் சொன்னேன்.

அடுத்த இரண்டு மாதம் எண் அப்படியே நின்றது. மூன்றாவது மாதம் ஏறியது. சும்மா இல்லை, பயப்படும்படி ஏறியது. மறுபடி மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், அதே எண். மெஷின் முன்னால் நின்றுகொண்டு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். நான் கேட்காத மாதம் இறக்கினீர், தினம் கேட்ட மாதம் ஏற்றுகிறீர், இது உமக்கே நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அவர் மாடி ஏறி வந்ததே களைப்பு, காத்திருக்க முடியாது என்று, ரத்தம் கொடுத்த கையோடு கீழே இறங்கிப் போய் மொபெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "ஏறியிருக்குதுங்க. ரெண்டு தடவை பாத்துட்டேன். இன்னைக்கே டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க."

அவள் எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்கள்ல?"

"தெனமும் கேட்டேனுங்க. ஒரு நாள் உடல."

"அப்பச் சரிங்க" என்றாள். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்து இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"நீங்களும் வாங்க்கா. மெசின்ல போடோணும்னு நான் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் அவரு நம்ப மாட்டாரு. நீங்க வந்து சொல்லுங்க. மறந்துட்டேன்னு ஊட்டுக்கே வந்து சொன்னவங்க நீங்கதான், உங்க பேச்சை அவரு நம்புவாரு."

வரிசையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டு, அவள் பின்னால் படி இறங்கினேன்.