நசுங்கின கையோடு

திருநின்றவூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே ஜன்னல் கம்பி அறுக்கிறார்கள். சூடான இரும்பு வாசனை வந்ததும் கதவைச் சாத்தினேன். அப்பாவின் காக்கிச் சட்டையில் இதே வாசனைதான் இருக்கும்.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தார். கம்பியை அழுத்தி நீட்டும் உருளைக்கு முன்னால் இருந்த தடுப்பு உடைந்து மூன்று மாதமாகியும் யாரும் அதை மாற்றவில்லை. ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, உருளை அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஈஸ்டர் ஆராதனையில், சபைக்கு மூப்பராகவும் இருந்த ஆலை மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் அம்மாவைப் பார்த்து, "அழாதீங்க சிஸ்டர். உங்க வீட்டுக்காரரு கடைசி நாள்ல குறையில்லாத சரீரத்தோட எழுந்து வருவாரு. யார் மேலயும் கசப்பு வெச்சிக்காதீங்க" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள்.

"இன்னா பாஸ்டர் பேசிக்கினு கீறீங்க? ஏசு ஆணி அடிச்ச கையோட தானே எழுந்து வந்தாரு? நம்பாத தோமாவை அந்தக் காயத்தைத் தொட்டுப் பாக்கச் சொன்னாரே! எம் புருசனும் நசுங்கின கையோடயே வரட்டும். வந்து, அதோ குந்திக்கினு கீறாரே, அவராண்ட காட்டட்டும்."

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். பாஸ்டர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அதன்பிறகு அந்தச் சபையார் ஒருவரும் தெருவில் பார்த்தால்கூட எங்களுக்கு ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

அம்மாவும் போய் ஆறு வருடமாகிறது. வாயை அடைக்க உயிர்த்தெழுதலைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றி எரிகிறது. ஆனாலும் நான் அதை நம்புகிறேன். கல்லறைகள் திறக்கிற அந்த நாளில் மேனேஜரும் எழுந்துதானே ஆக வேண்டும்.