பத்து மணி நேரத்தை மூன்றாக்கக் கொச்சங்காடிக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கொச்சிக்குப் போனேன். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் ஒரு மிளகு ஏற்றுமதி நிறுவனம். கணினித் தகவல்களை வாராவாரம் டேப்பில் நகலெடுக்கும் பேக்கப்புக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, குறைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். என் பிழைப்பே அதுதான். இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்கள் எங்கோ நாலு பேராவது இருப்பீர்கள், உங்களுக்காக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நாலு மணி நேரம். பிராட்வே கடைத்தெரு நெரிசலில் இரண்டு கேபிள் வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். போர்ட் கொச்சிக்கு இருபது நிமிடம், ஆறு ரூபாய். அங்கிருந்து கொச்சங்காடி மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது. படகில் எதிரே ஒரு தம்பதி ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள். என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், பார்த்து ஒன்றரை வருடமாகிறது. வழி முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கே பேக்கப்பைக் கவனிப்பவர் ஷமீலா. கொச்சியிலேயே பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். சர்வர் அறைக்குள் நுழைந்ததுமே கேட்டார்: "அக்கா, தாமசம் எங்கயா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். நெட்வொர்க்லயா, டேப்லயான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ, அதில்லக்கா! நீங்க தங்கியிருக்கறது எங்கன்னு சோதிச்சேன்." மலையாளத்தில் தாமசம் என்றால் தாமதமும் உண்டு, குடியிருப்பதும் உண்டு; சோதிப்பது என்றால் கேட்பது. கோவை என்றேன், கணவர் மஸ்கட் என்றேன். சிரிப்பு அடங்கியது. "நமக்கும் அப்படித்தான். நான் இங்க. மோளும் அவ அத்தாவும் பாலக்காட்டுல."

சனிக்கிழமை ஒரு மணிக்கு அலுவலகம் மூடியதும் பேக்கப் தொடங்கும். முடிய இரவு பதினொன்றாகும். டேப்பை எடுத்து அடுத்த தெருக் கிடங்கின் இரும்பு அலமாரியில் பூட்டினால்தான் ஷமீலா கிளம்பலாம். ஞாயிறு மதியம் பாலக்காடு போய், மகளோடும் கணவரோடும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே திரும்ப வேண்டும். "அஞ்சரை வண்டியைப் பிடிச்சா சனிக்கிழமையே அவ பக்கத்துல படுத்துக்கலாம். அது போதும்க்கா."

டேப்புக்குக் காத்திருக்கத் தெரியாது. தகவல் நிற்காமல் வந்தால் ஓடும். கொஞ்சம் பிந்தினாலும் தாண்டி ஓடி, நின்று, பின்னால் சுற்றி, மறுபடி தொடங்கும். இங்கே ஓயாமல் அந்த இழுபறிதான். மொத்தம் 1.1 டெராபைட், நொடிக்கு முப்பது மெகாபைட்தான் வந்தது. லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளைச் சர்வர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு டேப் டிரைவும் ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரே கார்டில் முட்டிக்கொண்டிருந்தன. டிரைவுக்குத் தனிக் கார்டு கொடுத்தேன். நான்கு நான்காகப் படிக்கவைத்து, மெமரியில் சேர்த்துவைத்து அனுப்பச் சொன்னேன். டேப்பில் ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவை, அதாவது பிளாக் அளவை, 64 கேபியிலிருந்து 256 ஆக்கினேன்.

சனிக்கிழமை 1:05க்குத் தொடங்கியது. டேப் ஒருமுறைகூடப் பின்னால் சுற்றவில்லை. 4:15க்கு முடிந்தது. நொடிக்குத் தொண்ணூற்றாறு! ஷமீலா அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

நான்தான் கெடுத்தேன். "பிளாக் அளவை மாத்தியிருக்கோம். இந்த முதல் டேப்பை மட்டும் முழுசாப் படிச்சுப் பாக்காம நம்ப முடியாதுங்க. இன்னும் மூணு மணி நேரம் ஆகும்."

பையைக் கீழே வைத்தார். "குழப்பமில்லக்கா, பரவால்ல. அடுத்த வாரம் போய்க்கலாம்." சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இருந்து பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க. எனக்கு வீட்டுல யாரும் காத்திருக்கல" என்றேன். மேலாளரிடம் போனில் அனுமதி வாங்கி, அலமாரிச் சாவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, நாலரைக்கு ஆட்டோ ஏறினார்.

காத்திருந்தபோது உங்களுக்காகக் குறித்துக்கொண்டது: புது டிரைவ் வாங்கும் முன் சர்வர் எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று அளந்து பாருங்கள், பெரும்பாலும் குற்றம் அங்கேதான். ஒரு நாளில் ஒரே ஒரு அமைப்பை மாற்றுங்கள் என்றும் சொல்வேன், நானே அதைக் கேட்கவில்லை. பழைய டேப்புகளைத் திரும்பப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கடற்காற்று ஊர், டிரைவைச் சுத்தம் செய்யும் டேப்பை மறக்காதீர்கள். தங்க போர்ட் கொச்சியில் 900 ரூபாய்க்கு அறை கிடைக்கிறது.

7:25க்கு முழு டேப்பும் பிழையில்லாமல் படித்து முடிந்தது. காவலரோடு போய்ப் பூட்டிவிட்டுப் படகு ஏறினேன். எட்டரைக்கு ஷமீலாவின் போன் வந்தது. வீடு சேர்ந்துவிட்டாராம். பின்னால் ஒரு சின்னக் குரல்: "அம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"இல்ல மோளே, சனி."

"அப்ப நாளைக்கும் இருப்பியா?"

ஷமீலா என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை, அழுதுகொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு மஸ்கட்டுக்கு அழைத்தேன். அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று இந்த ஒன்றரை வருடத்தில் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டேன்: "எப்ப வருவீங்க?"