ஆட்சேபம் உண்டு

தொமியே எந்தப் படிவத்தையும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். "முன்னாடி எல்லாம் பேரும் ஊருந்தான். சூட்சுமத்தைப் பின்னாடிதான் வெச்சிருப்பான்" என்பாள். படித்து முடித்ததும் காகிதங்களை மேசையில் மூன்று தட்டுத் தட்டி விளிம்பைச் சமன் செய்வாள். இருபத்திரண்டு வருஷம் ஒசாக்கா புறநகர்த் தொழிற்சாலையில் அரிசி பிஸ்கட் அடுக்கிய கை. வேலை போனாலும் பழக்கம் போகவில்லை.

வேலை போய் மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் வேலைவாய்ப்பு அலுவலகம் அவளுக்கு அத்துப்படி. எட்டரைக்குத் திறக்கும் கதவின் முன் எட்டு மணிக்கே நிற்பாள். பையில் பார்லித் தேநீர், உப்பில் ஊறிய பிளம் வைத்த சோற்று உருண்டை இரண்டு. முதல் நாள் வந்து திருதிருவென்று முழிப்பவர்களைக் கண்டால் சும்மா விடமாட்டாள். "போட்டோ ரெண்டு கொண்டாந்தீங்களா? இல்லியா? ஸ்டேஷன் வாசல்ல படம் எடுக்கிற பொட்டி இருக்கு, ஓடுங்க. பல்லைக் காட்டிச் சிரிச்சீங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவளின் சொந்தக் காரியம்தான் சிக்கலில் கிடந்தது. பொட்டலம் கட்ட இயந்திரம் வந்ததும் மேலாளர் இவாசே அந்தப் பிரிவின் பதினான்கு பெண்களையும் உட்காரவைத்தார். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு ஆளுக்கொரு மாதிரித் தாளை நீட்டி, 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று அதில் உள்ளபடி எழுதித் தரச் சொன்னார். எல்லோரும் எழுதினார்கள். வேலையை விட்டுப் போகிறவர் அப்படி எழுதுவதுதான் முறை, மரியாதை. தொமியேயும் நல்ல பேனாவாகத் தேடி எடுத்து, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.

படுபாவி மரியாதை! தானாக விலகியவருக்கு முதலில் ஒரு மாதம் வெறுங்காத்திருப்பு, பிறகு நூற்றைம்பது நாள் உதவித்தொகை. கம்பெனியே வேலையை விட்டு அனுப்பியவர் என்றால், அவளைப்போல் நீண்ட நாள் உழைத்தவருக்கு முந்நூற்று முப்பது நாள். ஐம்பத்தெட்டு வயதில் அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்று யார் கண்டார்கள்?

கம்பெனி தந்த விலகல் சான்றின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: மேற்சொன்ன காரணத்தில் ஆட்சேபம் உண்டா, இல்லையா? தொமியே 'உண்டு' என்பதை அழுத்தி வட்டமிட்டாள். அவளோடு பொட்டலம் கட்டிய மினோபே 'இல்லை'யை வட்டமிட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"இவாசே சார் பாவம்க்கா. நாளைக்கு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அவர் மூஞ்சில முழிக்கிற வேலைதானேடி போச்சு நமக்கு."

மினோபேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தாளை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். "முதல்ல உனக்கு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்க்கா."

படிவம் வாங்கும் ஜன்னலில் இருந்த அலுவலர் நொகாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கம்பெனி அனுப்பியிருந்த விலகல் கடித நகலைத் தொமியே பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"கையெழுத்து என்னுது தம்பி. வாசகம் கம்பெனியுது." மாதிரித் தாளை மற்றவர்கள் அன்றைக்கே கசக்கி எறிந்திருந்தார்கள்; தொமியே தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்து நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வரிக்கு வரி ஒன்றாக இருந்தது.

"இதைக் கொடுத்தது யாருன்னு கம்பெனிகிட்டயும் கேக்கணும்மா."

"கேளுங்களேன். நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

நொகாமி அங்கேயே தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் இவாசேதான். தொமியே நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். மனிதர் 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அரை வருஷ உதவித்தொகை போச்சு. நொகாமி "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டே எதையோ எழுதினார். பிறகு தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"தாள் கொடுத்து எழுதச் சொன்னது தான்தான்னு ஒத்துக்கிறார். பதினாலு பேருக்கும்."

பின்னால் மினோபே மடித்த தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. தொமியே நாற்காலியை விட்டு எழுந்தாள். பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துக்கொண்டு, அந்தத் தொலைபேசியை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தாள். நொகாமி பேசி முடித்து அதை வைத்த பிறகும் அவள் நிமிரவில்லை.