கனிஷாயின் வெள்ளிக்கிழமைப் பங்கு

செத்தவர்களுக்கு வாய் கிடையாது, மூக்கு மட்டும்தான். எங்கள் பிஷ்கேக் நகரத்தில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால் வெள்ளிக்கிழமையானால் எண்ணெயில் ஏழு ரொட்டி சுட்டு, மணத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டு, ரொட்டியை நாங்கள் தின்று தீர்ப்போம். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஷாயிர்குல் பெரியம்மாவும் சுடுவார். கணவர் தோரன்பெக், மாமனார், மாமியார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஓதுவார். மகள் கனிஷாயின் பெயரை மட்டும் அடுப்படியில் சொல்ல மாட்டார். ரொட்டிகளை மூடி வைத்துவிட்டு உள்ளறைக்குப் போவார். அங்கே ஒரு தேயிலை டப்பாவைத் திறந்து, குனிந்து, அந்தப் பெயரைச் சொல்லி, சட்டென்று மூடிவிடுவார்.

டப்பாவுக்குள் இருந்தவை பபிள்கம் சுற்றி வந்த காகிதங்கள்.

பெரியம்மா நெசவாலையில் வேலை பார்த்தவர். சோவியத் நாடு உடைந்ததும் ஆலை சம்பளத்துக்குப் பதில் துணியைக் கொடுத்தது. அப்புறம் அதையும் நிறுத்திவிட்டது. பேருந்து நிலையத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சூரியகாந்தி விதையும் உதிரி சிகரெட்டும் துருக்கியிலிருந்து வந்த பபிள்கம்மும் விற்க உட்கார்ந்தார். விற்கிற சரக்கில் பிள்ளை கை வைக்கக் கூடாது என்பது சட்டம். வெள்ளிக்கிழமை மட்டும் கனிஷாய்க்கு ஒன்று கிடைக்கும்.

அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே படிக்கட்டு. அவள் மகா பிடிவாதக்காரி. எண்ணெய் ரொட்டியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். பபிள்கம் என்றால் அப்படி ஒரு பக்தி. முதலில் அவள் மெல்லுவாள், சப்பென்று ஆனதும் எனக்குத் தருவாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கி மெல்லுவேன். ராத்திரி அதைக் கட்டில் கம்பியில் ஒட்டிவைத்து, மறுநாள் ஆப்ரிகாட் ஜாமில் புரட்டி மறுபடி வாயில் போடுவாள். உள்ளே வரும் கார் படங்களை அடுக்கி உள்ளங்கையால் அறைந்து கவிழ்க்கும் விளையாட்டில் எங்கள் எல்லாரையும் மொட்டையடித்து அனுப்பியவள் அவள்தான். படங்களைக்கூட யாருக்காவது கொடுத்துவிடுவாள், காகிதத்தைத் தரமாட்டாள். கரண்டியின் முதுகால் நீவி டப்பாவில் வைத்துக்கொண்டு, நினைத்தபோதெல்லாம் மோந்து பார்ப்பாள். வாழைப்பழமும் புது ரப்பரும் கலந்தது மாதிரி ஒரு வாசனை.

ஒரு குளிர்காலத்தில் ஊரெல்லாம் தொண்டை அடைப்பான் வந்தது. எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. நான் பிழைத்தேன். அதற்காகப் பெரியம்மா என்னை ஒருநாளும் வேறு கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் வருவார். பரிசைக் கொடுத்துவிட்டு, என் உயரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். எனக்குக் கல்யாணமானபோதும் பார்த்தார், என் தலையில் முதல் நரை வந்தபோதும் பார்த்தார்.

உயிரோடு இருந்தபோது தொடாத ரொட்டியைச் செத்த பிறகு பிள்ளை தொடுவாளா? அதுதான் பெரியம்மாவின் கணக்கு. அவள் பங்கு டப்பாவிலிருந்து போனது. பள்ளிவாசல் பெரியவர் காதுக்கு இது எட்டாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

போன மார்கழிக் குளிரில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு டப்பாவை என் மூக்கருகே கொண்டுவந்தார்.

"நாஸ்குல், நீ மருந்துக்கடைக்காரி. உனக்கு மூக்கு நல்லாருக்கும். இதுல மணம் இருக்கா பாரு."

இருந்தது. அடுத்த தெருவில் யாரோ எதையோ தின்கிற அளவுக்கு இருந்தது. அதையே சொன்னேன்.

"எனக்கு அதுவும் தெரியலடி. இது தீந்துபோச்சுன்னா எங்கிட்டேருந்து அவளுக்கு என்ன போகும்? அம்மா மறந்துட்டான்னு நினைச்சுக்க மாட்டாளா?"

எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே நகரத்தின் நடுவில் புதிதாக வந்திருக்கும் கடைக்குப் போனேன். சிறுவயதுச் சாமான்களுக்கென்றே ஒரு கடை. சாவி கொடுத்தால் தத்தும் தகரத் தவளை, தள்ளினாலும் எழுந்து நிற்கும் பொம்மை, காய்ந்த பழக்கூழ்க் கட்டி, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். என் வயதுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வாங்க வக்கில்லாமல் ஏங்கினோம், இன்றைக்கு வக்கு வந்த பிறகும் ஏங்கத்தான் போகிறோம் என்று நினைத்தபோது எரிச்சலாக இருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்பது வேறு விஷயம். பழைய பபிள்கம் நின்று பல காலம் ஆகிவிட்டதாம். இப்போது வேறு யாரோ அதே மேலுறையோடு செய்கிறார்களாம். பெரியம்மாவிடம் கனிஷாயின் காகிதங்களும் மிச்சப் படங்களும் இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கடைக்காரனுக்கு முகமெல்லாம் பல். படம் கசங்காமல் இருந்தால் கேட்ட விலை தருவதாகச் சொன்னான்.

அந்தப் புதியதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பிரித்துக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். மேலுறையில் அதே பேர் எழுதியிருக்கலாம், ஆனால் இது வேற யார் வீட்டுப் பிள்ளையோடதோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரனுக்குப் படம் வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகட்டும், காகிதத்தை மட்டும் தொடக் கூடாது என்றார்.

அந்த மாதக் கடைசியில் அவருக்குக் கடுங்காய்ச்சல். கூட இருந்து பார்த்துக்கொள்ள நாரின் ஊரிலிருந்து நாத்தனார் சூய்தும் வந்தாள். வாய் ஓயாதவள், ஆனால் தங்கமான மனசு. ராப்பகல் பாராமல் அண்ணிக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். காய்ச்சல் இறங்கியதும் வழக்கப்படி வீட்டுக்கு ஆர்ச்சாப் புகை போட்டாள். மலைக்காட்டு ஊசியிலை மரமான ஆர்ச்சாவின் காய்ந்த கொத்தைக் கொளுத்தி, நோயாளியின் தலையைச் சுற்றி, மூலைமுடுக்கெல்லாம் காட்டினாள். மூடிய பாத்திரத்துக்குள் பீடை ஒளிந்துகொள்ளும் என்பதால் ஒன்று விடாமல் மூடிகளைத் திறந்து வைத்தாள். தேயிலை டப்பாவையும் திறந்தாள். பார்த்ததும் அண்ணன் மகளுடையது என்று புரிந்துவிட்டது. செத்த குழந்தையின் பொருள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டலாம் என்று, காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புகையில் பிடித்து, திரும்ப அடுக்கி வைத்தாள்.

நான் மாத்திரை கொடுக்கப் போனபோது படிக்கட்டிலேயே ஆர்ச்சா மணத்தது. உள்ளே பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்திருந்தார். சூய்துமின் முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"அண்ணி, திட்டிடுங்க. இப்படி உக்காந்திருக்காதீங்க. எனக்குத் தெரியாம போச்சு."

"உன்னை என்னத்தச் சொல்ல? அவ மேல உள்ள பாசத்துலதானே செஞ்ச."

என்னிடம் டப்பாவை நீட்டினார். நான் முகத்தையே உள்ளே நுழைத்து மோந்தேன். மலைக்காடுதான் வந்தது. வேறு எதுவும் இல்லை. இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மென்று கொடுத்ததை மென்றவள் நான். எனக்கும் அந்த வாசனை போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் படிக்கட்டில் எல்லா வீட்டு எண்ணெயும் மணத்தது, மூன்றாம் மாடியைத் தவிர. மேலே போனேன். பெரியம்மா பிசைந்த மாவை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சூய்தும் அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று கேட்கக்கூடப் பயந்துபோய் ஜன்னலோரம் நின்றாள்.

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறந்தநாளுக்குப் பார்க்கிற அதே பார்வை.

"நீ இப்பல்லாம் பபிள்கம் மெல்லுறியா?"

"எங்க பெரியம்மா? கடைவாய்ப் பல்லு ரெண்டும் போச்சே."

"பின்ன என்ன பிடிக்கும் உனக்கு?"

"வேலை முடிஞ்சு வந்தா சூடா ஒரு டீ. இந்த ரொட்டி இருந்தா போதும், வேற எதுவும் வேணாம்."

"சின்னதுல நீயும் ரொட்டின்னா மூஞ்சியைச் சுளிப்பே."

"அது சின்னதுல."

அவர் மாவை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து வாணலியை அடுப்பில் வைத்தார். எண்ணெய் காய்ந்ததும் முதல் ரொட்டியைப் போட்டார். ஆவி கிளம்பியது. அதற்கு மேலே குனிந்து, அந்த அடுப்படியில் ஒருநாளும் சொல்லாத பெயரை முதல் பெயராகச் சொன்னார்.

"கனிஷாய்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் வயசுப் பொம்பளைக்கு நான் இத்தனை வருஷமா மிட்டாய் வாசனையையே அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன், நாஸ்குல். பசியோட கிடந்திருப்பாளே."

அன்றைக்கு அவர் ஏழோடு நிறுத்தவில்லை. மாவு தீர்ந்ததும் இன்னும் பிசையச் சொன்னார். சூய்தும் பிசைந்துகொடுக்கக் கொடுக்க, எண்ணெய் வற்றும்வரை சுட்டுக்கொண்டே இருந்தார்.