தொட்டிக்கும் தொட்டிலுக்கும் நடுவில்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் கும்மிடிப்பூண்டிச் சபை வாலிபர்கள் கட்டுக் கட்டாகப் பஞ்சு வாங்கி வந்து கிறிஸ்துமஸ் குடிலின் மேல் பனி கொட்டுவார்கள். கும்மிடிப்பூண்டியில் பனியாம். சிப்காட் புகையில் இரண்டே நாளில் அது சாம்பல் நிறமாகிவிடும். நடுவில் ஜரிகை வைத்த தொட்டிலில் ரோஜாக் கன்னத்தோடு ஒரு பொம்மைக் குழந்தை. வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு அழகு என்று செல்போனை நீட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அழகு பிடிக்காதவள் இல்லை. அந்தத் தொட்டிலைத்தான் பிடிக்காது. அப்படி ஒரு தொட்டிலை ஒரு கிறிஸ்துமஸில் நானே கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

அப்போது திருவள்ளூரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காக்களூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வது அவர் வேலை. ஏணி வைத்து உள்ளே இறங்கி, அடியில் படிந்த சகதியை வாளியில் அள்ளித் தருவார். மேலே ஒரு கூட்டாளி நின்று கயிற்றில் இழுப்பார். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒரு வாடை மிச்சமிருக்கும். பள்ளிக்கூடத்தில் எப்படித்தான் தெரிந்ததோ, வகுப்புப் பெண்கள் எனக்கு 'தொட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே காது சுடும்.

அந்த வருஷம் சண்டே ஸ்கூல் நிகழ்ச்சியில் இயேசு பிறந்த கதையைச் சொல்கிற வேலை எனக்கு வந்தது. வேதத்தில் முன்னணை என்று இருக்கும். முன்னணை என்றால் என்னவென்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. ஒருத்தி அது தலையணை மாதிரி ஏதோ ஒன்று என்றாள். டீச்சர் சிரித்துவிட்டு, மாடு தீனி தின்கிற தொட்டி என்று விளக்கினார். விளக்கியதோடு விட்டாரா? எல்லாருக்கும் புரியட்டும் என்று, குழந்தையை மாட்டுத் தொட்டியில் கிடத்தினாள் என்றே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உலகத்தில் வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

நைனாவுக்கோ தலைகால் புரியவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்து குளித்ததும் என்னை எதிரே நிறுத்திச் சொல்ல வைப்பார். அந்த வரி வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

"கடவுளு ராஜா ஊட்டுக்குப் போவல பாரு. நம்ம எடத்துக்கே வந்துகிறாரு," என்பார்.

போகிற கம்பெனியில் எல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

நிகழ்ச்சியன்று மேடையில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் என் வகுப்புப் பெண்கள் இருவர். பக்கத்து வீட்டு அக்கா அழைத்து வந்திருந்தாராம். அந்த வரி நெருங்க நெருங்க அவர்கள் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வாய் தானாகத் திரும்பிக்கொண்டது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள் என்று சொல்லிவிட்டேன். ஓர் எழுத்துதான். யாருக்கும் உறுத்தவில்லை, கைதட்டல் பலமாகவே இருந்தது. கடைசி வரிசையில் தேய்த்த வெள்ளைச் சட்டையில் நைனா கைகளைத் தூக்கியபடி அப்படியே நின்றார். பிறகு அவரும் தட்டினார்.

நைனாவின் சைக்கிளில் திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது.

"பயந்துக்கினியா கண்ணு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மேடையில அப்டித்தான். நாக்கு கொளறும்."

நம்பிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி முடிந்து மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா என்னைக் காக்களூருக்கு அனுப்பினாள். கம்பெனியின் பின்பக்கம், தொட்டியின் வாயோரம் கூட்டாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீதானா அந்தப் பொண்ணு? தொட்டின்னு சொல்லும்போது கொரலு கணீர்னு இருந்துச்சாமே. உங்க நைனா மூணு நாளா இதே பேச்சு."

குனிந்து பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சகதியில் நின்றுகொண்டு நைனா அண்ணாந்து பார்த்தார். கூட்டாளி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சோத்த வெச்சிட்டு அப்பால போய் நில்லு கண்ணு. வாடை அடிக்கும்."

நான் அப்பால் போகவில்லை. அங்கேயே நின்று அழுதேன். வாடைதான் கண்ணைக் கரிக்கிறது என்று கூட்டாளி நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே எனக்குக் கிறிஸ்துமஸ் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். பத்து வயதில் அழுகைதான் வந்தது, புரிவதற்கு வெகுகாலம் பிடித்தது. தொட்டிலில் கிடக்கிற குழந்தையைக் கொஞ்சிவிட்டு, கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தொட்டியில் கிடக்கிறவரை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. யாருக்காக அங்கே இறங்கினார் என்று கேட்டாக வேண்டும். நம்முடைய நாற்றத்துக்குள் இறங்கி, நம்முடைய வெட்கத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு, அதை ஒருவருக்கும் காட்டிக்கொடுக்காத அன்பு அது. அதை நான் கோயிலில் கற்கவில்லை, காக்களூரில் குனிந்து பார்த்தேன்.

இந்த வருஷம் வாலிபர்களோடு மல்லுக்கட்டி அந்த ஜரிகைத் தொட்டிலை எடுக்க வைத்தேன். மாடு வைத்திருக்கிற ஒரு வீட்டிலிருந்து சிமெண்டுத் தொட்டி ஒன்று வந்தது. ஓரமெல்லாம் தவிட்டுக் கறை. போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று முணுமுணுத்தார்கள். கதை சொல்கிற வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த வயதில் இது எதற்கு என்று என் மகளுக்கு ஆச்சரியம். நைனா இப்போது என்னோடுதான் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது. அந்த ரயில்வே கேட்டுக்குப் பிறகு அந்த வரியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் இருக்கும்போதே அவர் காதில் விழும்படி அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் தவிப்பு.

சொன்னேன். மைக் அலறும்படி, தொட்டியில் கிடத்தினாள் என்று சொன்னேன். மூன்றாவது வரிசையில் நைனா பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்து, இன்னா சொல்லிச்சு என்று கேட்டார். அவர் நைனாவின் காதருகே குனிந்து, தொட்டி என்றார்.

நைனா தலையாட்டினார்.

"அப்பவும் எம்பொண்ணு இதத்தான் சொல்லிச்சு," என்றார், சபைக்கே கேட்கும்படி.